சிவலையின் கயிறு

ஊரவர்களுக்கும், 40 மீற்றர் வானொலி அலைவரிசையில் காது வைத்துக் காத்திருந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

என் வானொலிக் கம்பம் நிற்கிறது. தென்மேற்கே ஒரு முழம் சாய்வாகத்தான், ஆனால் நிற்கிறது. உள்ளங்கைக் கொப்புளங்கள் இன்னும் காயவில்லை, பேனையைப் பிடிக்கவே எரிகிறது. ஆனாலும் ஆறப்போட்டால் எழுதமாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றும் வெள்ளமுமாகக் கழிந்த அந்த மூன்று இரவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முத்தையன்கட்டிலிருந்து முள்ளியவளை வரை எல்லோரும் அதற்குள்ளேதான் இருந்தோம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து தொலைபேசி எடுத்து எடுத்துக் களைத்தவர்களுக்கும் தெரியும். நன்றி சொல்லவேண்டிய ஆட்கள் நிறைய. ஆனால் முதலில் ஒரு மாட்டுக் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் வரமுடியும்.

பக்கத்து வளவு அக்காவை உங்களுக்குத் தெரியும். "பேரைப் போட்டியெண்டால் பேந்து உன்னோட கதைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். மூன்று வருசத்துக்கு முன் நான் இந்தக் கம்பத்தை நட்ட நாளில் வேலிப் பொட்டுக்குள் நின்று அவர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. 40 அடி உயரம். இரண்டு அங்குல ஜிஐ குழாய்க்குள் ஒன்றரை அங்குலக் குழாயைச் செருகி எழுப்பியது. உச்சியில் ஒரு கப்பி, அதிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீற்றர் செப்புக் கம்பி, கூரை மாதிரிச் சரிந்து இறங்கும். 40 மீற்றர் அலைவரிசை என்றால் 7 மெகாஹேர்ட்ஸ், அதற்கு இவ்வளவு போதும். உயரம் குறைவு என்று வெளிநாட்டு நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் குறைவுதான் வேண்டும். அலை செங்குத்தாக மேலே போய், வானத்தில் பட்டு, குடை கவிழ்த்தமாதிரி இலங்கை முழுக்க இறங்கும். யாழ்ப்பாணமும் காலியும் ஒரே குடைக்குள்.

அக்காவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "இடியைக் கூப்பிட்டு வைக்கிறாய்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு மேல கம்பி கட்டினால் ஆக்கள் வந்து விசாரிச்ச காலம் உனக்கு மறந்துபோச்சோ?" என்று கேட்டார். தொலைத்தொடர்பு ஆணைக்குழு தந்த அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். 4எஸ்7 என்று தொடங்கும் என் அழைப்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். "கடதாசி நனைஞ்சால் போச்சு" என்று திருப்பித் தந்தார். அடியில் செப்புக் கோல்கள் இறக்கி நிலத்தொடுப்புச் செய்திருக்கிறேன், மின்னல் தொடங்கினால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன் என்றெல்லாம் விளக்கினேன். அவர் தன் பசு சிவலையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, இப்போது அந்த இரண்டாம் இரவுக்கு வருகிறேன்.

கண்டி நண்பருக்கு வானொலியில் எங்கள் ஊராட்களின் பெயர்ப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் முள் திடீரென எகிறியது. வெளியே பெரிய வீணைத் தந்தி அறுந்தமாதிரி ஒரு சத்தம். ரோச்சை எடுத்துக்கொண்டு ஓடினால், கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் வடகிழக்கு மேல் இழுவைக் கம்பியின் முளைக்கட்டை பல்லுப் பிடுங்கினமாதிரி வெளியே வந்து, கம்பி நுனியில் தொங்கி ஆடுகிறது. காற்றும் அதே வடகிழக்கில் இருந்துதான். கீழ் இழுவைக்குத் தனி முளை இருந்ததால் கம்பத்தின் பாதி பிடித்து நிற்கிறது. மேல் பாதி தூண்டில் தடி மாதிரி வளைகிறது. எந்தப் பக்கம்? அக்கா வீட்டுக் கூரைப் பக்கம்.

பொடியன்கள் இரண்டு பேர் என்னோடு இருந்தார்கள். ஆடிய கட்டையை ஒருவன் பாய்ந்து பிடித்தான் (தலையில் பட்டிருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும்). பழைய குழியில் திரும்ப நட வழியில்லை, அது கூழ். அதற்கு அப்பால் பத்தடியில் ஒரு பனை நிற்கிறது. கம்பி எட்டாது. கயிறு வேண்டும். என்னிடம் இருந்த ஒரே உபரிக் கயிற்றுச் சுருளை அன்று பின்னேரம்தான் தண்ணீர் ஏறிய பக்கம் போன படகுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன்.

அப்போது வேலிப் பொட்டுக்குள்ளால் அக்கா வந்தார். தலையில் உரப்பை, கையில் கயிறு.

"இந்தா. சிவலையை அவிட்டு விட்டுட்டன்."

சிவலை நிறைமாதச் சினை. அது கன்று போட்டால்தான் பால், பால் வந்தால்தான் அந்த வீட்டுச் செலவு. அந்த இருட்டில், அந்தக் காற்றில், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அதை அவிழ்த்து விடுவது என்றால் என்ன என்று மாடு வளர்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. "மாடு?" என்று மட்டும் கேட்டேன். "அது என்ர குரலுக்கு வரும். உது வருமோ?" என்று கம்பத்தைக் காட்டினார்.

ஐந்து பாகம் நீள நைலோன் கயிறு. ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்கும். கழுத்துப் பக்கம் தேய்ந்து பஞ்சாகி, அதற்குள் செம்மயிர் ஒட்டியிருந்தது. சாணமும் வைக்கோலும் மணத்தது. இரட்டையாக மடித்து, டேர்ன்பக்கிளின் (கம்பியை இறுக்கும் திருகு) வளையத்துக்குள் விட்டு, பனையைச் சுற்றி இழுத்தோம். முடிச்சுப் போட எனக்கு விரல் வரவில்லை. புத்தகத்தில் பார்த்துப் பழகிய முடிச்சு ஒன்றுகூட அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அக்கா என்னைத் தோளால் தள்ளிவிட்டுத் தானே சுற்றினார், இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுவை. "மாடு இழுக்க இழுக்க இறுகும். உன்ர கம்பம் என்ன மாட்டைவிடப் பெரிசோ?"

நைலோன் நனைந்தால் இழுபடும். பாரம் ஏற ஏற நீளும். விடியும்வரை நான்கு தரம் இறுக்கினோம். என் விறாந்தையில் உட்கார்ந்து கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவர் அக்காதான். "தம்பி, தளருது!" என்று கத்தினால் நாங்கள் ஓடுவோம். இடையிடையே நான் உள்ளே போய்ப் பட்டியலைத் தொடருவேன்.

இரண்டு மணியிருக்கும். "உதுக்குள்ள ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

"கண்டியில ஒரு சிங்கள ஐயா, அக்கா."

"எங்கட ஆக்களின்ர பேரெல்லாம் சொல்லுறார்."

நான் எழுத்தெழுத்தாகச் சொன்ன பெயர்களைச் சிங்களத்தில் எழுதிவைத்துக்கொண்டு அவர் திருப்பி வாசித்துச் சரிபார்க்கிறார். நீளமான பெயர் ஒன்றை மூன்று துண்டாக உடைத்தார். அக்கா விறாந்தையிலிருந்தே திருத்திச் சொன்னார், நான் மைக்கை அமுக்கினேன், மனிதர் அப்படியே திரும்பச் சொன்னார். அன்றிரவு அக்கா சிரித்தது அப்போதுதான்.

பிறகு தானாகவே ஒரு கதை சொன்னார். யுத்தத்தில் வன்னிக்குள் பற்றரி வர விடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்களாம். பெடலைக் கையால் சுற்றுவது இவர் வேலை. அண்ணன் காதை வைத்துக்கொண்டு பிபிசி தமிழோசை கேட்பார். "கை உளைஞ்சு நிப்பாட்டினால் செய்தியும் நிண்டுபோம். அண்ணன் குட்டுவான்." அதற்கு மேல் அண்ணனைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

விடிந்தபோது சிவலை என் கச்சான் தோட்டத்தில் நின்றது. இரண்டு வரி முழுக்கக் காலி, வயிறு பறை மாதிரி. குரல் கொடுத்ததும் வந்தது. அந்தக் கச்சானுக்குக் கணக்கு இல்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், குறைநினைக்கவேண்டாம். லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பற்றரியைக் கழற்றித் தோளில் சுமந்துவந்த பொடியன்கள். முல்லைத்தீவிலிருந்து, தன் வலையே என்ன கதி என்று தெரியாத நேரத்தில், வந்து அறுந்த கம்பியைப் பின்னித் தந்த சம்மாட்டி அண்ணை. மழை விட்டதும் பனை ஏறும் தளைநாரோடு வந்து கம்பத்தில் ஏறிய ஐயா. கொழும்பு, கண்டி, காலி நண்பர்கள், குறிப்பாகத் தங்கள் பேச்சை நிறுத்தி அந்த அலைவரிசையை எங்களுக்காக விட்டுத் தந்தவர்கள். தேத்தண்ணி தந்த எல்லா வீடுகளும். காசு அனுப்பவா என்று கேட்ட ரொறன்ரோ மச்சான், உனக்குப் பதில் கீழே இருக்கிறது.

அந்தப் பனையேறும் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை கூட. அவருக்கு வானொலி தெரியாது. ஆனால் இறங்கி வந்து, "தம்பி, மேல ஒரு கிளிப் கம்பியைக் கடிச்சுக்கிடக்கு" என்றார். போய்ப் பார்த்தால் உண்மை. இழுவைக் கம்பியின் மடித்த நுனியைப் பிடிக்கும் கிளிப்பின் யூ வளைவு வெட்டிய வால்நுனிப் பக்கம் இருக்கவேண்டும், பாரம் தாங்கும் கம்பியில் அதன் அகலமான இருக்கை உட்காரவேண்டும். ஒன்றை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். மூன்று வருசமாக அந்த வளைவு பாரக் கம்பியை நசுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

முளைக்கட்டையிலும் பிழை என்னுடையதுதான். ஆவணியில் நட்டேன். அப்போது அலவாங்கு பட்டால் பொறி பறக்கிற நிலம். இரண்டடி போனதும் இதுக்கு மேல் என்ன என்று நிறுத்திவிட்டேன். அதே நிலம் கார்த்திகையில் என்ன ஆகும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? முதிரைக் கட்டை, உளுக்கவில்லை, உடையவில்லை. நான்தான் அதற்குப் பிடிமானம் கொடுக்கவில்லை.

2004 ஆழிப்பேரலையின்போது எங்களைப் போன்ற வானொலிக்காரரான விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் இடையே சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தியதைப் படித்துத்தான் நான் இந்தப் பைத்தியத்துக்குள் விழுந்தேன். அதே நாளில்தான் எங்கள் முல்லைத்தீவுக் கரையும் அழிந்தது. எங்கள் பக்கமும் ஒரு கம்பம் நிற்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நட்டுவிட்டேன் என்று இவ்வளவு நாளும் பெருமையாக இருந்தேன். நட்டால் போதாது, பார்க்கவேண்டும். இனிப் புரட்டாதி பிறந்ததும் ஒரு தரம், மழைக்காலம் முடிந்து தையில் ஒரு தரம், ஒவ்வொரு கிளிப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். டேர்ன்பக்கிள் காற்றில் தானாகச் சுழலாதபடி அதற்குள்ளால் காவல் கம்பி கோர்ப்பேன். கேபிள் இணைப்புக்குப் புது நாடா சுற்றுவேன். இடுப்புப் பட்டி இல்லாமல் யாரையும் ஏறவிடமாட்டேன். என்னையும்தான். எல்லா முளைக்கும் மூன்றடி ஆழத்தில் கொங்கிறீற். மச்சான், அனுப்புவதென்றால் சீமெந்துக்கு அனுப்பு.

நேற்று அக்காவின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவிழவில்லை. அந்த முடிச்சு பனையோடு பனையாக இறுகிவிட்டது. வெட்டக் கத்தி எடுத்தால், "கொங்கிறீற் காயுமட்டும் கிடக்கட்டும்" என்று வேலிப் பொட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அப்போ மாட்டுக்கு? கப்பியில் போடக் கொழும்பிலிருந்து எடுப்பித்த வெள்ளைப் பொலியெஸ்டர் கயிறு ஒன்று புதிதாக இருந்தது, வெயிலுக்கு இறாது, நனைந்தால் அவ்வளவு நீளாது, விலையைச் சொல்லமாட்டேன். அதைக் கொடுத்தேன். அக்கா விரலால் உருட்டிப் பார்த்தார். "வழுக்குது" என்றார். பிறகு கொண்டுபோய்ச் சிவலையின் கழுத்தில் கட்டினார்.

இன்று காலை கன்று. நாகு. தாயும் பிள்ளையும் என் கப்பிக் கயிற்றில் நிற்கிறார்கள்.