பார்ன்ஸ் பிளேசில் ஒரு பகல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ரிப்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். பின்னேரம்தான் தருவோம் என்றார்கள், அதுவரைக்கும் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் நீ முந்தி ஒருக்கால் சொன்ன, பார்ன்ஸ் பிளேசில் இருக்கிற சபுமால் பவுண்டேசன் என்ற ஓவியக்கூடம் ஞாபகம் வந்தது. பெரிய தூண், பெரிய படி என்று நினைத்துக்கொண்டு போனால் அது ஓடு போட்ட ஒரு வீடு! ஹரி பீரிஸ் என்ற ஓவியர் இருந்த வீடாம், 1974இல் அவரே அதைப் படங்களுக்கென்று விட்டுவிட்டார். சுவர் முழுக்க 1943இல் சேர்ந்த அந்த '43 குழு' ஓவியர்களின் படங்கள்தான்.

ஜோர்ஜ் கீற்றைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்லுவார்கள், சரி, கோடு நல்ல கோடுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது ஐவன் பீரிஸ். கிட்டப் போய்ப் பார்த்தேன், கடல் என்றால் நாங்கள் போர்ட்டிலும் கோயில் சுவரிலும் சுருள் சுருளாக அலை போட்டு நுரைக்கு வெள்ளைப் புள்ளி குத்துவோமே, அந்தச் சோலியே இல்லை, மங்கின நிறத்தில் ஒரு பட்டை, அதற்குமேல் இன்னொரு பட்டை, கரையில் ஆட்கள் பேசாமல் நிற்கிறார்கள். மனுசன் 1950களில் இங்கிலாந்துக்குப் போய் 1988இல் அங்கேயே செத்தவர், கடைசிவரைக்கும் கீறினது இந்த நாட்டுக் கரையைத்தான். நான் முல்லைத்தீவுக் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஓட்டோவுக்குப் பெயர் எழுதுகிறேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சிலாவத்தையில் கடல்தண்ணீர் எடுத்துக்கொண்டு காட்டா விநாயகர் கோயிலுக்கு நடந்து போவார்களே, சின்னனில் என் தோளில் இருந்து பார்த்திருப்பாய். எண்ணெய்க்குப் பதில் அந்த உப்புத்தண்ணீரில் விளக்கு எரிகிறதைத்தான் எல்லோரும் கீறுவார்கள். எனக்கு விளக்கு வேண்டாம். தண்ணீர் எடுத்த கையோடு கரையில் நிற்கிற சனமும், பின்னால் அந்தப் பட்டைக் கடலும் போதும். இரவு பஸ்ஸிலேயே ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் முழுக்கக் கீறிப் பார்த்தேன், அதற்கு அம்மாவிடம் நல்ல பேச்சு.

ஆனால் எங்கள் எனாமல் பெயின்ற் சரிவராது பிள்ளை, அது மினுங்கும். அங்கேயிருந்து யாரும் வந்தால் எண்ணெய் வர்ணம் கொடுத்துவிடு, நீலமும் வெள்ளையும் கூடுதலாக, இரண்டு தட்டைப் பிரஷ்ஷும். விலையை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா