அப்பாவுக்கு, பயண அடுப்பைப் பற்றி

ஸ்டாக்ஹோம்,
ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்வீடனில் கோடை வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், வெள்ளிக்கிழமை மாலையானால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் கிளம்புகிறவர்களை ரயில் நிலையத்தில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம். போன வாரம் பேசியபோது, காட்டில் எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், அதற்கு எண்ணெயோ கேஸோ எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டீர்கள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. அதிலும் பம்பு ஸ்டவ்வைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த உங்களிடம் மேலோட்டமாகச் சொன்னால் எடுபடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கடைகளில் அடுப்பு விற்பவர்கள் முதலில் சொல்வது எடையை. அடுத்துச் சொல்வது ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் கொதிக்கும் என்பதை. அந்த இரண்டையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். எங்கே போகிறோம், அங்கே எரிக்க என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டால், எந்த அடுப்பு என்ற கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். எரிபொருளை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கில் போடும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஆகவே இறங்குகிற ஊரில் கிடைப்பதை எரிக்கிற அடுப்பே நல்ல அடுப்பு. ஐம்பது கிராம் எடை குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கியது, அதற்கேற்ற டப்பா கிடைக்காத ஊரில் வெறும் சுமைதான்.

இங்கே பலரும் வைத்திருப்பது கேஸ் அடுப்பு. உள்ளங்கையில் அடங்கிவிடும் பர்னரைக் கேஸ் டப்பாவின் தலையில் திருகிப் பொருத்தி, குமிழைத் திறந்து நெருப்பைக் காட்டினால் வேலை முடிந்தது. பம்பும் இல்லை, பாத்திரத்தில் கரியும் இல்லை. காற்று தொல்லை செய்யாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் கேஸ் செலவாகும். அந்தக் கணக்குப்படி, நாளுக்கு இரண்டு லிட்டர் கொதிக்கவைப்பவர்களுக்கு 230 கிராம் டப்பா ஒரு வாரம் தாங்கும். பெரும்பாலான டப்பாக்களின் மரை ஒரே அளவு என்பதால் ஒரு கம்பெனியின் பர்னரை இன்னொரு கம்பெனியின் டப்பாவில் மாட்டலாம். பிரான்ஸுக்குப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே பரவலாகக் கிடைக்கும் கேம்பிங்காஸ் டப்பாக்களுக்கு மரை கிடையாது, அழுத்தித் திருப்புகிற வேறு வால்வு. நடுவில் பொருத்தும் ஓர் இணைப்பான் கையில் இருந்தால் பிரச்சினை இல்லை.

கேஸின் குறை குளிரில்தான் தெரியும். டப்பாவுக்குள் பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன் ஆகியவை வெவ்வேறு விகிதத்தில் கலந்து திரவமாக இருக்கின்றன. பியூட்டேன் ஆவியாவதற்குச் சுமார் 0 டிகிரியாவது வேண்டும்; ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரையிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரையிலும் ஆவியாகும். எரிய எரியப் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடுவதாலும், ஆவியாகும்போது டப்பா தன் சூட்டையே இழந்து மேலும் குளிர்ந்துபோவதாலும், பாதி டப்பா மிச்சமிருக்கும்போதே சுடர் சுருங்கி, கடைசியில் பெயருக்கு எரியும். குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும், அடுப்போ எரியாது. இதற்காக இரவில் டப்பாவை உறங்குபைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவைக்கிறவர்களும் உண்டு. டப்பாவைப் பர்னரிலிருந்து தள்ளி வைத்துக் குழாயால் இணைக்கும் வகையில், சுடருக்குள் நுழைந்து சூடேறி வரும் முன்சூட்டுக் குழாயும் இருந்தால், டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கலாம். அப்போது திரவமே குழாய் வழியாக வந்து பர்னரின் சூட்டில் ஆவியாகும் என்பதால் குளிர் அவ்வளவாகப் பாதிக்காது. என் கணவர் இந்த வகையின் ரசிகர்.

இனி உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பின் குத்திப் பம்பு அடித்த அந்த ஸ்டவ் பிறந்தது இந்த ஊரில்தான். திரி இல்லாமல், அழுத்தத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கிப் புகையின்றி நீலச் சுடராக எரிக்கும் பிரைமஸ் அடுப்பை 1892-இல் உருவாக்கியவர் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற ஸ்வீடன்காரர். 1911-இல் தென் துருவத்தை எட்டிய அமுண்ட்சென் கொண்டுபோனதும், 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவுக்குப் பனியை உருக்கித் தண்ணீர் தந்ததும் பிரைமஸ்தான். தத்துவம் இன்றைக்கும் அதேதான். உருவம் மட்டும் மாறியிருக்கிறது. டேங்குக்குப் பதிலாக அலுமினியப் புட்டி. அதன் வாயில் திருகிய பம்பு. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் பர்னருக்குப் போகும். மண்ணெண்ணெய்க்கு ஒரு நிப்பிள், பெட்ரோலுக்கு வேறொரு நிப்பிள் என்று மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் துளை அளவு வேறு. பின் குத்துகிற வேலையும் சிலவற்றில் மிச்சம்: நிப்பிளுக்குள்ளேயே சிறு ஊசியொன்று நிற்கும், அடுப்பைத் தூக்கி நாலு குலுக்குக் குலுக்கினால் ஊசி மேலேறி அடைப்பை நீக்கிவிடும். நீங்கள் பார்த்தால் கட்டாயம் பிரித்துப் பார்ப்பீர்கள்.

இந்த வகையின் பெருமை, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கிடைப்பதை எரிக்கும் என்பதே. கேஸ் டப்பாவின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஊரிலும் பெட்ரோல் பங்க் இருக்கும். ஆனால் வண்டிக்குப் போடும் பெட்ரோலில் கலந்திருப்பவை நாளடைவில் குழாயையும் நிப்பிளையும் அடைக்கும். டீசலும் எரியும் என்று சில மாடல்களுக்குச் சொல்கிறார்கள். பற்றவைப்பதற்குள் புகை மூக்கை அடைத்துவிடும் என்பதால் வேறு வழியில்லாதபோது மட்டும்தான். மண்ணெண்ணெய்க்கு முன்சூடு, அதாவது பற்றவைக்கும் முன் பர்னரைச் சூடாக்குவது, எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வைத்திருப்பது இந்த இரண்டும் இல்லை. டிராஞ்சியா என்ற ஸ்பிரிட் அடுப்பு, அதாவது எரிசாராயத்தில் எரிவது. இந்த நாட்டின் யெம்ட்லாண்ட் பகுதியில் 1925-இல் தொடங்கிய கம்பெனி அது. காற்றுத் தடுப்போடு கூடிய இந்த அடுப்பை 1951 முதல் செய்து வருகிறார்கள். பித்தளைக் கிண்ணம் ஒன்று, அதைச் சுற்றிய அலுமினியத் தடுப்பு, அதற்குள் அடங்கும் பாத்திரங்கள், அவ்வளவே. பம்பும் வாஷரும் வால்வும் இல்லாததால் கெட்டுப்போக எதுவும் இல்லை. கிண்ணத்தில் முக்கால் அளவுக்குக் குறைவாக ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால், முதலில் நடுவில் மட்டும் சோம்பேறித்தனமாக எரியும். கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் சூடேறியதும் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகள் ஒவ்வொன்றிலும் சுடர் கிளம்பி வட்டமாகிவிடும். அடித்தட்டின் துளைகளைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்தால் காற்று உதவியே செய்யும். கேஸ் அடுப்பு திணறுகிற இடத்தில் இது நன்றாக எரிவதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரே எடைக்கு ஸ்பிரிட் தரும் சூடு, மண்ணெண்ணெயோ கேஸோ தருவதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான். நீண்ட பயணமென்றால் புட்டியின் கனம் தோளில் தெரியும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் அது குறையும். பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான ஆபத்து. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலே ஊற்றினால் நெருப்பு புட்டிக்கே ஏறிவிடும். ஆகவே மூடியை வைத்து அணைத்து, கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆறிய பிறகே மறுபடி ஊற்றுகிறேன்.

ஸ்பிரிட்டைத் தேடுவதில் இங்கே சிரமமே இல்லை. பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் டி-ரோட் என்ற பெயரில் லிட்டர் புட்டியில் விற்கிறார்கள். வடக்கே குங்ஸ்லேடன் நடைபாதையில் உள்ள மலைக் குடில்கள் சிலவற்றிலும் கிடைக்கிறது. எல்லை தாண்டினால் பெயரை மாற்றிக் கேட்க வேண்டும்: நார்வேயில் ரோட்ஸ்பிரிட், ஜெர்மனியில் ஸ்பிரிட்டுஸ், பிரான்ஸில் அல்கோல் ஆ ப்ரூலே. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஜெர்மனியில் பெட்ரோலியம் என்று எழுதியிருந்தால் அது நம் மண்ணெண்ணெய். ஒயிட் ஸ்பிரிட் என்று கேட்டால் நியூசிலாந்தில் அடுப்புக்கான சுத்தமான பெட்ரோலைத் தருவார்கள், இங்கிலாந்தில் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வகையைத் தருவார்கள். அதை ஊற்றினால் அடுப்பு பாழ்.

ஆகஸ்டில் விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போகத் திட்டம். அதற்கும் டிராஞ்சியாவையே எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். பெட்ரோல் வாடை அடிக்கும் புட்டியையும் பம்பையும் எவ்வளவு கழுவினாலும் விமான நிலையத்தில் மறுத்துவிடலாம். பித்தளைக் கிண்ணத்தையோ நன்றாகக் கழுவி வெயிலில் உலரவைத்தால் வாடையே இராது. இருந்தாலும் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வேன். எரிபொருளுக்கான புட்டியைப் புதிதாக, ஒருமுறைகூட நிரப்பாததாகக் கொண்டுபோவோம். டிராஞ்சியாவில் கிண்ணத்துக்குப் பதிலாகக் கேஸ் பர்னரையும் பொருத்தலாம் என்பதால், அங்கே ஸ்பிரிட் கிடைக்காவிட்டாலும் டப்பாவை வாங்கிச் சமாளிக்கலாம். என் கணவர் அந்த ஒரு காரணத்துக்காகவே சம்மதித்தார்.

எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் நாங்கள் பற்றவைப்பதில்லை. தீப்பிடிப்பது ஒருபுறமிருக்க, மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழை பெய்தாலும் வெளியே குடை பிடித்துக்கொண்டுதான் சமையல். அம்மா கவலைப்படுவார் என்பதால் இதை மட்டும் அவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

பழைய ஸ்டவ்வின் பர்னர் இன்னும் பரணில் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ஏதாவது முத்திரை இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்