கார்மில்லாவோடு முடிந்துவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரத்தக்காட்டேரி நாவல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பெண்ணைக் காதலிக்கும் பெண் காட்டேரி என்றதும் 1872இல் வந்த 'கார்மில்லா' கதையைச் சொல்லி, அந்தக் காட்டேரி கார்மில்லாவின் நெஞ்சில் ஆப்பு இறக்கிக் கொல்வதோடு பேச்சை முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு ஜுவெல் கோமெஸ் வந்துவிட்டார் ஐயா!

1948இல் பாஸ்டனில் பிறந்து, கொள்ளுப்பாட்டியிடம் வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் முதலில் கவிதைகள் எழுதினார். 1991இல் 'தி கில்டா ஸ்டோரீஸ்' என்ற நாவலைத் தந்தார். தன்பால் ஈர்ப்பாளர் இலக்கியத்துக்குத் தரும் லாம்டா விருது அதற்கு இரண்டு பிரிவுகளில் கிடைத்தது.

1850இல், மிசிசிப்பி பண்ணையிலிருந்து தப்பி ஓடிவரும் அடிமைச் சிறுமியிடமிருந்து கதை தொடங்குகிறது. லூசியானாவில் இரண்டு பெண்கள் அவளுக்கு அடைக்கலம் கொடுத்து, எழுதப் படிக்கச் சொல்லித் தந்து, பின்னர் தங்களைப் போலவே சாகாவரம் பெற்றவளாக ஆக்குகிறார்கள். ரத்தம் குடிக்கும்போதே அந்த ஆளின் மனதுக்குள் நுழைந்து, அவருக்கு வேண்டிய ஒரு கனவையோ துணிச்சலையோ விட்டுவிட்டு வர வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். கொன்று குடிக்கிறவர்களும் கதையில் உண்டு. பின்னர் கில்டா என்று பெயர் பெறும் நம் சிறுமி அவர்களோடு சேரவில்லை. பிறந்த மண்ணை உடுப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு நடமாடுகிறாள். அது எந்த மண் என்று யோசித்துப் பாருங்கள். தன் அம்மா அடிமையாக உழைத்த மண். பழைய கதைகளில் காட்டேரி படுத்து இளைப்பாறப் பிறந்த மண் வேண்டும் என்று சவப்பெட்டிக்குள் கிடந்த ஒரு பிடி மண்ணுக்கு இத்தனை கனத்தை வேறு யாரும் ஏற்றி நான் படித்ததில்லை.

நாவல் 2050 வரை போகிறது. அப்போது மனிதர்கள்தான் சாகாவரத்துக்காகக் காட்டேரிகளை வேட்டையாடுகிறார்கள்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறவள். பாடத்திட்டத்தில் இந்த நாவல் இல்லை. என் பிரதியைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்த மாணவி, "பொண்ணைக் காதலிச்சதுக்காக இதுல யாரையும் கொல்லலையே மிஸ்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கார்மில்லாவோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பிள்ளை என்னத்தை எடுத்துக்கொண்டு போவாள், சொல்லுங்கள்!

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதானால் கோமெஸுக்கு ஒரு வாரம் ஒதுக்கட்டும். அப்புறம், அவருடைய கவிதைகளில் ஒன்றிரண்டையாவது முறைப்படி அனுமதி வாங்கித் தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பேராசிரியை, திருநெல்வேலி