மார்க்ஸ் சொன்னது எந்த ஆண்டில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் மார்க்சியத் தொடரை விடாமல் படித்து வருகிறேன். எல்லாச் சமூகங்களும் முதலாளித்துவக் கட்டத்தின் வழியாகச் சென்றே தீர வேண்டும் என்பது மார்க்ஸ் வகுத்த விதி என்று சென்ற வாரக் கட்டுரை அடித்துச் சொல்கிறது. கல்லூரியில் அரசியல் தத்துவம் கற்பித்தவன் நான். இதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தொழில்வளர்ச்சி பெற்ற நாடு, பின்தங்கிய நாட்டுக்கு அதன் எதிர்காலத்தைக் காட்டுகிறது என்று 1867-இல் 'மூலதனம்' முன்னுரையில் மார்க்ஸ் எழுதினார்தான். ஆனால் 1881-இல் வேரா சசூலிச் என்ற ரஷ்யப் புரட்சியாளர் இதையே அவரிடம் நேரடியாகக் கேட்டார்: நிலத்தைக் கிராமமே பொதுவாக வைத்திருக்கும் எங்கள் கிராமக் கூட்டுடைமை அழிந்துதான் ஆக வேண்டுமா? மார்க்ஸ் நீண்ட வரைவுகளை எழுதி எழுதித் திருத்தினார். கடைசியில் அனுப்பியது ஒரு சிறிய கடிதம். 'மூலதனம்' காட்டிய தவிர்க்க முடியாத போக்கு மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது, ரஷ்யக் கிராமக் கூட்டுடைமை சமூகப் புத்துயிர்ப்புக்கு அடித்தளமாகக்கூடும் என்றார் அதில்.

அக்கடிதம் 1924-இல்தான் அச்சேறியது. உழைப்பின் அந்நியமாதல், அதாவது தொழிலாளி தன் உழைப்பிலிருந்தும் அதன் விளைபொருளிலிருந்தும் அந்நியப்பட்டுப் போவது, பற்றி மார்க்ஸ் எழுதிய 1844-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகள் முழுமையாக வெளிவந்தது 1932-இல். மார்க்சியத் தலைவர்களான ரோசா லக்சம்பர்க் 1919-இலும் லெனின் 1924-இலும் மறைந்துவிட்டார்கள். அந்தப் பக்கங்களை அவர்கள் பார்த்ததே இல்லை. இவற்றைத் தேடித் தொகுத்தவர்களில் முதன்மையானவர் ரஷ்ய மார்க்சிய ஆய்வாளர் ரியசானோவ். தாம் கட்டி வளர்த்த ஆய்வு நிறுவனத்திலிருந்தே 1931-இல் வெளியேற்றப்பட்டு, 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சொல்லாமல் மார்க்சிய ஆய்வின் வரலாற்றை எழுதுவது நன்றி மறந்த செயல்.

எல்லோரும் ஒரே கருத்து கொண்டவர்கள் என்பதுபோலக் கட்டுரையாளர் 'மார்க்சிய அறிஞர்களின் கருத்து' என்று ஒருமையில் எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. 1845-இல் மார்க்சின் சிந்தனை அடியோடு முறிந்து புதிதாகத் தொடங்கியது என்றார் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசர். நான் அதை ஏற்கவில்லை. 1857-58-இல் மார்க்ஸ் எழுதிய பொருளாதாரக் குறிப்புகளான 'குருண்ட்ரிஸ்ஸ'வைப் படித்தால் அந்நியமாதல் அங்கே மீண்டும் தலைதூக்குவது தெரியும். மாற்றுக் கருத்து உள்ளவர்களுக்கும் வலுவான வாதங்கள் உண்டு. அவையும் வாசகர்களுக்குக் கிடைக்கட்டும்.

அடுத்த கட்டுரை அந்நியமாதல் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். எடுத்தாளும் ஒவ்வொரு பகுதிக்கும், அது எழுதப்பட்ட ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் குறிப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்