கிழிந்த வலையும் சாந்தமுள்ள ஆவியும்

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சபையின் லெந்து கால வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஆவியின் கனியை, அதாவது பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அடுக்கும் ஒன்பது நற்குணங்களை, ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிவருகிறீர்கள், எட்டாவதான சாந்தம் உன் பங்குக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். "நம் ஆட்களுக்குச் சாந்தம் என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது. அதற்குமேல் நான் என்ன சொல்ல?" என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். உங்கள் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று இருக்கும் இடத்தில் கத்தோலிக்கரான நாங்கள் வாசிக்கும் 1995 திருவிவிலியம் "கனிவுடையோர் பேறுபெற்றோர்" என்கிறது. கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே வாசி. சாந்தம் என்றதும் அலை அடங்கின கடல் நினைவுக்கு வரும். கனிவு என்றதும் பழுத்த பழம், விரல் பட்டால் இளகுவது. மூலத்தில் இருப்பது பிரவுஸ் என்ற ஒரே கிரேக்கச் சொல், ஆவியின் கனியில் வரும் பிரவுத்தேஸ் அதன் பெயர்ச்சொல். அந்தக் காலத்து கிரேக்கர்கள் பழக்கிய குதிரைக்கும் இதே குடும்பத்துச் சொல்லைத்தான் சொன்னார்கள். பழகிய குதிரையின் பலம் எங்கும் போய்விடவில்லை, கடிவாளத்துக்கு இணங்குகிறது, அவ்வளவுதான். பலமில்லாதவனின் அமைதியைச் சாந்தம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உன் ஆட்களின் தப்பான எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது.

இயேசு அந்த வாக்கியத்தை 37ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கிறார். அதை முழுவதும் வாசித்துக் காட்டு. 1, 7, 8 ஆகிய மூன்று வசனங்களிலும் எரிச்சல் என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கச் சொல். பொல்லாதவன் செழிக்கிறான், நியாயமாக நடப்பவனுடைய நிலம் கைவிட்டுப் போகிறது, அதைப் பார்த்து வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் உள்ளே புகுந்து தன்னையும் பொல்லாதவனாக்கிவிடாமல் காத்துக்கொள்பவனைத்தான் 11ஆம் வசனம் சாந்தகுணமுள்ளவன் என்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல்லும் ஒடுக்கப்பட்டவன், எளியவன் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஆகவே அநியாயம் கண்ணுக்குத் தெரியாதவனுக்கு இந்தச் சங்கீதத்தில் வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். பிலிப்பியர் 4:5இல் "உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக" என்று வந்தாலும், அங்கே கிரேக்கச் சொல் வேறு. சட்டம் தன் பக்கம் இருந்தும் விட்டுக்கொடுப்பதை அது குறிக்கிறது. அதையும் இதில் கலந்தால் கூட்டம் எங்கோ போய்விடும்.

மோசேயைக் கட்டாயம் எடு. எண்ணாகமம் 12:3 அவனைப் பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்கிறது. கூடப் பிறந்தவர்களே அவனுக்கு விரோதமாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வருகிற வரி அது. அவன் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோதுதான் வாய் திறக்கிறான்: "என் தேவனே, அவளைக் குணமாக்கும்." அதே மோசே 20ஆம் அதிகாரத்தில், கன்மலையோடு பேசு என்று சொல்லப்பட்டிருக்க, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று சீறி, கோலால் அதை இரண்டு தரம் அடிக்கிறான். தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் கானானுக்குள் போகும் வாய்ப்பு போய்விட்டது. 106ஆம் சங்கீதம் அதை ஒரே சொல்லில் சொல்கிறது: "பதறிப்பேசினான்." எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பார். மிரியாம் இறந்து அடக்கம்பண்ணப்படுகிறாள். அடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லை, ஜனங்கள் கூடி வாதாடுகிறார்கள். அக்காளைப் புதைத்த துக்கத்தோடு தாகத்தோடு நின்றவனின் சாந்தம் அங்கே உடைந்தது. இழவு, பசி, தூக்கமின்மை ஆகிய மூன்றிலும் சாந்தம் மிக எளிதாக உடையும் என்று உன் கூட்டத்துக்கு வெளிப்படையாகவே சொல். எலியா சாகிறேன் என்று படுத்தபோது தூதன் போதிக்கவில்லை, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் கொடுத்து, இரண்டு தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பட்டினியோடு நள்ளிரவில் வீட்டுச் சண்டையைத் தீர்க்க உட்காராமல் இருப்பதும் சாந்தத்தின் பயிற்சிதான்.

இனி பழகும் முறை. இதில் எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாக எழுதியவர் புனித பிரான்சிஸ் சலேசியார் (1567-1622). உனக்கு எங்கள் புனிதர்கள் பழக்கமில்லை என்று தெரியும், பொறுத்துக்கொள். 1602 முதல் ஜெனீவாவின் ஆயர். நகரம் சீர்திருத்தச் சபையின் கையில் இருந்ததால் அன்னெசியில் குடியிருந்து பணி செய்தார். மதச் சண்டையில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிய காலம் அது. 1609இல் வெளியான பக்தி வழிகாட்டி நூலின் மூன்றாம் பகுதியில் 8, 9ஆம் அத்தியாயங்கள் முழுக்க இதைப் பற்றியவை. துறவிகளுக்காக எழுதியதல்ல, குடும்பம், உத்தியோகம், கடன் என்று வாழ்கிறவர்களுக்காக எழுதியது.

கிறிஸ்மா தைலத்திலிருந்து, அதாவது எங்கள் திருச்சடங்குகளில் பூசும் எண்ணெயிலிருந்து, அவர் தொடங்குகிறார். பெரிய வியாழனையொட்டி எங்கள் ஆயர் ஒலிவ எண்ணெயில் பால்சம் என்ற நறுமணப் பிசினைக் கலந்து அதை அர்ச்சிப்பார். பால்சம் தண்ணீரில் அடியில் போய்த் தங்கும், அது மனத்தாழ்மை. எண்ணெய் எதன்மேலும் மிதந்து நிற்கும், அது சாந்தம். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று இயேசு இரண்டையும் சேர்த்தே சொன்னார். அடியில் தாழ்மை இல்லாமல் மேலே சாந்தம் மட்டும் மிதந்தால், யாராவது மரியாதைக்குறைவாக ஒரு வார்த்தை சொன்னவுடனே அது தெரிந்துவிடும்.

அடுத்து அவர் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் எண்ணம். கோபம் இல்லாத வேளையில் சாந்தத்தைச் சேர்த்துவை என்கிறார். சின்னதோ பெரியதோ, எந்தச் சொல்லையும் எந்தச் செயலையும் உன்னால் முடிந்த அளவு மென்மையாகச் செய். நம் ஜனங்களுக்கு இதை அன்றாடக் காரியங்களில் இறக்கிச் சொல்லவேண்டும். கதவை அறையாமல் சாத்துவது. காபித் தம்ளரை ணங்கென்று வைக்காமல் வைப்பது. போனை எடுத்தவுடன் "என்ன?" என்று கேட்காமல் பெயரைச் சொல்லி அழைப்பது. பிள்ளை ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்கும்போதும் முதல் தரம் சொன்ன அதே குரலில் பதில் சொல்வது. ஒரு வாரத்துக்கு இதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல். ஐந்தாறு தீர்மானம் எடுப்பவன் புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுவான், பிறகு தன்மேல்தான் எரிந்து விழுவான். கைக்கும் குரலுக்கும் பழகாத சாந்தம், கோபம் வந்தபின் ஒரு வசனத்தை நினைத்தவுடன் வந்துவிடாது.

கோபம் வந்தேவிட்டால்? அதை அடக்கும் வேகமே இன்னொரு கோபம் ஆகிவிடக் கூடாது என்கிறார். நீதிமன்ற மண்டபத்தில் "சத்தம் போடாதே" என்று கத்தும் சேவகர்கள், பேசிக்கொண்டிருப்பவர்களைவிட அதிகச் சத்தம் போடுவதை உதாரணம் காட்டுகிறார். உடனே நடவடிக்கை எடு, ஆனால் மெதுவாக எடு. படகில் புயலைக் கண்ட சீஷர்களைப்போல ஆண்டவரைக் கூப்பிடு. அதையும் மீறிக் கோபமாகப் பேசிவிட்டாயா, அதே ஆளுக்குச் சூடு ஆறுமுன் ஒரு கனிவான காரியம் செய், பச்சைப் புண்தான் சீக்கிரம் ஆறும் என்கிறார். இதில் நாம் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மனைவியைத் திட்டிவிட்டு, பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து மனதைத் தேற்றிக்கொள்கிறோம். காயம் எங்கேயோ, மருந்து எங்கேயோ.

நியாயமான கோபம் உண்டா இல்லையா என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், தயாராக இரு. கோபத்தில் மிகை ஒரு பக்கம், கோபமே வராத மந்தம் இன்னொரு பக்கம், நடுவில் இருப்பதே சாந்தம் என்றார் அரிஸ்டாட்டில். கோபப்பட வேண்டிய இடத்தில் படாமலிருப்பதும் குற்றமாகலாம் என்றார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். சலேசியாரோ புனித அகுஸ்தீனாரைப் பின்பற்றி, நியாயமான கோபத்துக்குக்கூடக் கதவைத் திறக்காதே என்கிறார். உள்ளே வரும்போது துரும்பாக வரும், கொஞ்ச நேரத்தில் உத்தரமாகிவிடும், பிறகு வெளியேற்றுவது கஷ்டம். நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: எனக்கு நேர்ந்த அவமானத்தில் சலேசியார் சொல்வது சரி, ஏனென்றால் என் வழக்கில் என் தீர்ப்பு ஒருநாளும் நேராக இருக்காது. இன்னொருவருக்கு நேரும் கொடுமையில் அக்குவினாஸ் சொல்வது சரி. இதைச் சொல்லாமல் விட்டால் உன் போதனை ஆபத்தாகிவிடும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் "சாந்தமாய் இரம்மா" என்று சொல்லிப் பெண்ணைத் திருப்பி அனுப்பும் பழக்கம் நம் இரண்டு சபைகளிலும் இருக்கிறது. அது சாந்தமே அல்ல. அவளுக்குப் பத்திரமான இடம் தேடித் தருவதுதான் அங்கே கனிவு.

இயேசுவையே பார். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அவரை அறைந்தபோது அவர் மௌனமாக இருக்கவில்லை: "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). வசவும் இல்லை, பயமும் இல்லை, பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி மட்டும். அப்போஸ்தலர் 23இல் பவுலையும் அப்படியே வாயில் அடிக்கச் சொல்கிறார்கள். அவர் "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று வெடித்துவிட்டு, எதிரே இருப்பது பிரதான ஆசாரியன் என்று தெரிந்ததும் அங்கேயே தன் சொல்லைத் திருத்திக்கொள்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் அரைமணி நேரம் பேச விஷயம் கிடைக்கும். நமக்குப் பவுலின் வழியாவது கைகூட வேண்டும்.

இன்னும் இரண்டு. தெருவில் தேவதூதர்களாகவும் வீட்டில் பிசாசுகளாகவும் இருப்பவர்களைச் சலேசியார் கடிந்துகொள்கிறார். சாந்தம் வெளியாருக்குக் காட்டும் தேனாக மட்டும் இருந்தால் போதாது, வீட்டாருக்குப் பாலாகவும் இருக்கவேண்டும். அடுத்தது 9ஆம் அத்தியாயம், தன்னிடமே சாந்தமாக இருப்பது. விழுந்தபின் தன்னைத் தானே அடித்துக்கொள்பவன் வருத்தப்படுவது பாவத்துக்காக அல்ல, தன் நல்ல பெயருக்காகத்தான் பெரும்பாலும். "ஐயோ என் ஏழை இருதயமே, விழக் கூடாது என்று தீர்மானித்த குழியிலேயே விழுந்துவிட்டோம், வா, எழுந்திருப்போம்" என்ற தோரணையில் பேசச் சொல்கிறார். இதை உன் கூட்டத்தின் வயதானவர்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. தங்களை மன்னிக்கத் தெரியாமலே பல வருஷம் ஜெபித்துவந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

கடைசிக் கூட்டத்துக்குக் கலாத்தியர் 6:1 வை. குற்றத்தில் அகப்பட்டவனைச் "சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுங்கள்." அந்தச் "சீர்பொருந்தப்பண்ணுதல்" என்ற வினைதான் மாற்கு 1:19இல் யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. உங்கள் பக்கம் கடற்கரை, உனக்கு நான் விளக்க வேண்டாம். கிழிந்த ஓட்டையில் முதலில் பிசிறுகளை வெட்டி ஓரத்தைச் சுத்தமாக்குவார்கள். தேவையில்லாமல் நல்ல கண்ணியில் கத்தி படாது. பிறகு ஒரு மூலையிலிருந்து ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்டு வருவார்கள். நூலை இழுத்து இறுக்கினால் கண்ணி சின்னதாகி அந்த இடம் சுருங்கும், வலையை இழுக்கும்போது பக்கத்துக் கண்ணி பிய்யும். தளர விட்டால் மீன் போய்விடும்.

ஆளைத் திருத்துவதும் அப்படித்தான். மத்தேயு 18:15 சொல்வதுபோல "நீயும் அவனும் தனித்திருக்கையில்", கமிட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அல்ல. பேச்சு அன்றைய ஒரே குற்றத்தைப் பற்றியதாக இருக்கட்டும். பழைய கணக்கை எடுத்தால் அது நல்ல கண்ணியில் கத்தி வைப்பது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. கேள்வியோடு தொடங்கு. ஏதேனில் விழுந்தவனைத் தேடி வந்த தேவனும் "நீ எங்கே இருக்கிறாய்" என்றுதான் கேட்டார். கேட்டபின் பதிலுக்குக் காத்திரு. நம்மில் பலர் கேள்வியைக் கேட்டு, பதிலையும் நாமே சொல்லி, தீர்ப்பையும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். பேசி முடித்து அப்படியே போய்விடாதே, அடுத்த ஞாயிறு அவன் பக்கத்தில் போய் உட்கார். அந்த வசனத்தின் பின்பாதியையும் விடாதே: "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு." வலை பழுதுபார்ப்பவனின் வலையும் கிழியக்கூடியதுதான்.

கூட்டத்தில் வந்த கேள்விகளை எழுதி அனுப்பு. அடுத்து வரும் இச்சையடக்கம் யார் பங்குக்கு வந்திருக்கிறது? அம்மாவைச் சொட்டு மருந்தைத் தவறாமல் போடச் சொல், தூசியில் வெளியே விடாதே. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்