ஷேர் விலை இறங்கினால் கம்பெனிக்கு என்ன போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வணிகப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கம்பெனி முதலில் பங்கு வெளியிட்டபோதே பணத்தை வாங்கிக்கொண்டது, அப்புறம் அதை ராமசாமி விற்றுக் குப்புசாமி வாங்கினால் கம்பெனிக்கு என்ன போச்சு என்று. யாராவது பதில் எழுதுவார்கள் என்று பார்த்தேன், காணோம். கோவையில் ஒரு நூற்பாலையின் ஷேர் செக்‌ஷனில் 31 வருடம் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டிமேட் (பங்கைக் காகிதமாக இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் வைக்கும் முறை) வருவதற்கு முன்பு, பங்கு கைமாறினால் சர்டிபிகேட்டும் டிரான்ஸ்பர் படிவமும் தபாலில் எங்கள் மேஜைக்கு வரும். கையெழுத்தை ஒத்துப் பார்த்து, ஸ்டாம்பு சரியா என்று பார்த்து, பதிவேட்டில் பெயர் மாற்றுவோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் 50, 100 என்று சில்லறையாகப் படிவங்கள் வந்தபடி இருந்தன. வாங்கியவர் பெயர்கள் வேறு வேறு, முகவரி மட்டும் ஒன்றே. கல்கத்தாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. யாரோ ஒரே ஆள் பல பெயர்களில் எங்கள் பங்கைச் சேர்க்கிறார் என்று புரிந்தது. எம்.டி.யிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் அன்று மதியம் சாப்பிடவே போகவில்லை.

அப்போது எங்கள் பங்கு 28 ரூபாய். மொத்தம் 40 லட்சம் பங்கு. ஆக, முழு மில்லுக்கும் சந்தை போட்ட விலை 11 கோடியே 20 லட்சம். ரோட்டை ஒட்டிய இடத்தை மட்டும் விற்றாலே அதைவிட அதிகம் வரும். முதலாளி குடும்பத்திடம் இருந்ததோ 27 சதவீதம். மூன்றரைக் கோடி புரட்ட முடிந்த எவரும் அவர்களைவிடப் பெரிய பங்குதாரர் ஆகி, மில்லையே கைப்பற்றப் பார்க்கலாம். (வாங்க வாங்க விலை ஏறும், அது வேறு கதை.) அதுவரை எம்.டி. தினமும் கேட்டது பஞ்சு விலையும் நூல் விலையும்தான். அன்றிலிருந்து ஷேர் விலையும் சேர்ந்துகொண்டது. கோவை ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வது என் வேலை. கடைசியில் அந்தக் கல்கத்தா ஆட்கள் சேர்த்ததை எல்லாம் குடும்பமே 46 ரூபாய் கொடுத்து வாங்கியது.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே பயம்தான். 1998-ல் சென்னையின் இந்தியா சிமெண்ட்ஸ், ராசி சிமெண்ட் பங்குக்கு 300 ரூபாய் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்து, கடைசியில் அந்தக் கம்பெனியைக் கைப்பற்றியது. 2024-ல் இந்தியா சிமெண்ட்ஸின் முதலாளிகளே தங்கள் பங்குகளை 390 ரூபாய் வீதம் அல்ட்ராடெக் சிமெண்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று, கம்பெனிக்குப் பணத் தேவை ஒரு தடவையோடு முடிவதில்லை. நாங்கள் புது ஸ்பின்னிங் மிஷின் வாங்க ரைட்ஸ் பங்கு (ஏற்கனவே உள்ள பங்குதாரர்களுக்கே முதலில் தரும் புதுப் பங்கு) வெளியிட நினைத்தோம். சந்தையில் 28-க்குக் கிடைக்கும் பங்கை எங்களிடம் 35 கொடுத்து யார் வாங்குவார்கள்? இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஊழியர்களுக்கே பங்கு தருகிறார்கள், அங்கே விலை விழுந்தால் சம்பளத்தைக் குறைத்த மாதிரி.

ஆனால் விலையைப் பற்றிய கவலை எல்லாமே கம்பெனியைப் பற்றிய கவலை அல்ல. சில முதலாளிகள் தங்கள் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கியிருப்பார்கள். விலை விழுந்தால் கடன் கொடுத்தவர்கள் கூடுதல் பங்கு வைக்கச் சொல்வார்கள், வைக்காவிட்டால் அடகில் இருப்பதை விற்பார்கள், அந்த விற்பனையிலேயே விலை இன்னும் விழும். சத்யம் கம்ப்யூட்டர்ஸில் இதைப் பார்த்தோம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பொய் லாபம் காட்டியதை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தில், முதலாளிகளிடம் இருந்த பங்கு குறைவு என்பதால், லாபம் குறைந்தால் வேறு யாராவது கம்பெனியைக் கைப்பற்றி, கணக்கில் உள்ள ஓட்டை வெளியே வந்துவிடும் என்று பயந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருந்தார். 179 ரூபாயில் இருந்த பங்கு அன்றே 40 ரூபாய்க்குக் கீழே முடிந்தது.

அதற்குப் பிறகுதான் முதலாளிகள் அடகு வைத்த பங்கின் அளவைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதி கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியாகும் அந்த விவரத்தைத் தேடிப் பிடிப்பது என்னைப் போன்ற வயதானவர்களுக்குச் சிரமம். நீங்கள் தினமும் போடும் விலைப் பட்டியலில் அந்தச் சதவீதத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்க முடியுமா? எழுத்து பொடியாக இருந்தாலும் சரி, என்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷேர் செக்‌ஷன் எழுத்தர்,
சிங்காநல்லூர், கோவை.