பேட்டரி உடைக்கும் பகுதிகளில் குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் காரீயம் (lead) என்ற நச்சு உலோகத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேடில்லாத அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. காரீயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் கூடுதலாக இருந்ததை அவர்களுடைய ஆசிரியர்களே அந்த ஆய்வில் தெரிவித்திருந்தார்கள். 'மக்கு', 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த நஞ்சைச் சுமக்கிறார்களோ என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000இல் நின்றது. வீட்டுப் பெயிண்டுக்கும் 2017 முதல் வரம்பு வந்துவிட்டது. மிச்சமிருப்பவற்றில் முக்கியமானது, காரீயத் தகடுகள் உள்ள பழைய பேட்டரி. இன்வெர்ட்டர், ஆட்டோ, லாரி பேட்டரிகளைக் காயலாங்கடையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். உரிமம் பெற்ற ஆலைக்குப் போகாதவற்றைக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். புகை கலைந்துவிடும், தூள் வாசலிலேயே கிடக்கும். வேலைக்குப் போன அப்பாவின் சட்டையோடும் வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு குழந்தையின் உடம்பில் சேரும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த ஏழைக் குழந்தைக்கு இன்னும் அதிகம்.

செனகல் நாட்டில், டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற கடற்கரைக் குடியிருப்பில், பேட்டரிக் கழிவு கலந்த மண்ணைச் சலித்துக் காரீயத்தைப் பிரித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே ரத்தப் பரிசோதனை நடந்தது.

நமக்கு அப்படி ஒரு சாவு தேவையில்லை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு ஏற்கெனவே வருகிறது, ரத்தசோகைக்கு மாத்திரை தருகிறது. காரீயமும் ரத்தசோகை உண்டாக்கும். பேட்டரி உடைக்கும் பகுதிகளிலாவது அந்தக் குழு காரீயத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். அளவு கூடியிருந்தால் மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவது அரசின் வேலை. 'பிள்ளைக்குக் கை கழுவிவிடு' என்று தாயிடம் சொல்லி அனுப்பினால் தீராது. இந்தத் தொழிலையே நம்பியிருப்பவர்களுக்கு வேறு பிழைப்பும் காட்ட வேண்டும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்கள்மீது சுமத்துகின்றன, மீறினால் இழப்பீடு வசூலிக்கவும் இடம் தருகின்றன. பரிசோதனைக்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், அங்கிருந்து எடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
வடசென்னை.